படத்தின் பின்பலகை

முகத்தைப் பார்த்து மகிழ்ந்து முதுகை மறந்துவிடுவது மக்கள் இயல்பு. படத்துக்குச் சட்டம் போடும்போதும் நாம் இப்படியே நடந்துகொள்கிறோம். மரம் தேக்குத்தானா, கரையில் பொன்னிறம் நிற்குமா, கண்ணாடி தெளிவானதா என்றெல்லாம் கடைக்காரரைக் கேட்கிறோம். பின்னால் எந்தப் பலகையை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்பவர் மிக அரியர். அவரும் கையில் அகப்பட்ட அட்டையை வைத்து, நான்கு ஆணி அடித்து, பழுப்புத் தாள் ஒட்டித் தந்துவிடுகிறார். ஆனால் அந்தப் படம் பத்தாண்டு வாழுமா, நூறாண்டு வாழுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அந்தப் பின்பலகையே.

ஊரை விட்டு வந்து விடுதியில் வாழும் நமக்கு இது சிறு செய்தியன்று. நம்மிற் பலருடைய அறையில் பெற்றோர் படமோ, மறைந்த பாட்டனார் படமோ இருக்கிறது. அவற்றுள் சிலவற்றுக்கு வேறு படி கிடையாது. நெகடிவும் எங்கே போயிற்று என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்னும் சில ஆண்டுகளில் பட்டச் சான்றிதழுக்கும் சட்டம் போடுவோம். ஆகவே பின்பலகையை எவ்வாறு அமைப்பது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பின்பலகைக்கு நான்கு கடமைகள் உண்டு. படத்தைத் தட்டையாகத் தாங்க வேண்டும். தன்னிடமுள்ள கேட்டைப் படத்துக்குக் கொடுக்காமல் இருக்க வேண்டும். ஈரத்தையும் தூசியையும் பூச்சியையும் தடுக்க வேண்டும். தேவையானபோது கழற்றி மாட்ட இடந்தர வேண்டும்.

முதலில் தாங்குதலை எடுத்துக்கொள்வோம். மரம், அட்டை, தாள் ஆகிய மூன்றும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்தால் சுருங்கும். இந்த வடநாட்டுச் சமவெளியில் மே மாதத்து லூக்காற்றில் காய்ந்து கிடந்த அட்டை, மழை தொடங்கியதும் ஈரத்தைக் குடித்து விரிகிறது. சட்டத்தின் உட்பள்ளத்தில் இம்மியும் இடமின்றி அதை இறுக்கியிருந்தால், விரிந்த அட்டை போக வழியில்லாமல் நடுவில் புடைத்துப் படத்தைக் கண்ணாடியோடு நெருக்கும். ஆதலால் பலகையை உட்பள்ளத்தின் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் ஏறக்குறைய 3 மி.மீ. குறைத்து வெட்டுவது முறை.

ஆழத்தையும் முன்னரே கணக்கிட வேண்டும். கண்ணாடி 2 மி.மீ., படத்தைச் சுற்றி நிற்கும் சாளர அட்டை 1.5 மி.மீ., படத்தைத் தாங்கும் உள்ளட்டை 1.5 மி.மீ., பின்பலகை 3 மி.மீ. என்று கொண்டால், மொத்தம் 8 மி.மீ. ஆகிறது. ஆணிக்கும் இடம் வேண்டுமாதலின், பள்ளம் 10 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

அசைவுக்கு இடம் விட்டுத் தாங்க வேண்டும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. லியோனார்டோ டா வின்சியின் ‘மோனா லிசா’ துணியில் தீட்டப்பட்டதன்று. பாப்லர் மரப்பலகையில் தீட்டப்பட்டது. அப்பலகையின் மேல் விளிம்பிலிருந்து ஒரு வெடிப்புக் கீழ்நோக்கி இறங்கியிருக்கிறது. அது மேலும் நீளாதிருக்க, பட்டாம்பூச்சி வடிவில் வெட்டிய மரத்துண்டுகளைப் பின்புறத்தில் பதித்தார்கள். இப்போது பாரிஸின் லூவர் காட்சியகத்தில், பலகையின் இயல்பான வளைவுக்கு ஈடுகொடுக்கும் துணைச் சட்டம் ஒன்று அதைத் தாங்குகிறது. காற்றின் ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட கண்ணாடிப் பெட்டியில் அதை வைத்திருக்கிறார்கள். மரத்தை ஒரேயடியாக இறுக்கிப் பிடித்தால் அது வெடித்துத்தான் தீரும். நம் தஞ்சாவூர் ஓவியமும் பலகைமேல் துணி ஒட்டித் தீட்டப்படுவதே. பலகைப் படம் என்ற பெயரே அதற்கு உண்டு. அதற்குச் சட்டம் போடுகிறவர்களும் இந்த உண்மையை மறத்தலாகாது.

இரண்டாவது கடமையே மிக முக்கியமானது. இரவிவர்மா 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவிய பிறகு, தெய்வப் படங்கள் எளியோர் வீடுகளுக்கும் வந்தன. அக்காலத்துப் படங்களுக்குப் பின்னால் மெல்லிய மரப்பலகைகளை அடுக்கி ஆணி அடிப்பது வழக்கம். அத்தகைய பழைய படம் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். பலகைகள் சேரும் இடைவெளிக்கு நேராகப் படத்தின் பின்புறத்தில் பழுப்புக் கோடு ஓடும். மரத்தில் கணு இருந்த இடத்துக்கு நேராக வட்டக் கறை இருக்கும். மரத்திலுள்ள அமிலமும் பிசினும், இடைவெளி வழியே புகுந்த தூசியும் காற்றும் சேர்ந்து எழுதிய எழுத்து அது. நாளடைவில் கறை படத்தின் முன்புறத்திலும் தலைகாட்டும்.

மரத்தை விட்டு அட்டைக்கு மாறினால் மட்டும் தீர்ந்துவிடுமா? அட்டையிலும் குறை உண்டு. ஜெர்மனியில் 1807-இல் இல்லிக் என்பவர் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்துத் தாளுக்குப் பசையூட்டும் முறையை வெளியிட்டார். 1844-இல் கெல்லர் என்பவர் மரத்தை அரைத்துத் தாள் செய்யும் வழியைக் கண்டார். இவற்றால் தாள் மலிந்தது, கல்வி பரவியது. ஆனால் அரைத்த மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் தங்கிவிடுகிறது. படிகாரம் அமிலத்தை உண்டாக்குகிறது. செய்தித்தாள் சில நாள் வெயிலில் கிடந்தாலே மஞ்சளாகி, பிறகு நொறுங்குவது இதனால்தான். அந்தச் செய்தித்தாளையே மடித்துப் படத்துக்குப் பின்னால் திணிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது! வைக்கோல் அட்டையும், சாதாரணப் பழுப்பு அட்டையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒட்டுப்பலகையிலும் எம்.டி.எஃப். பலகையிலும் மரத்தோடு பசையும் சேர்கிறது. பெரும்பாலான பசைகளிலிருந்து பார்மால்டிஹைடு ஆவி மெல்ல வெளிப்பட்டுப் படத்துக்குத் தீங்கு செய்கிறது.

ஆகவே படத்தைத் தொடும் அட்டை அமிலமற்றதாக இருத்தல் வேண்டும். பருத்தியால் ஆன அட்டை இதற்குச் சிறந்தது. கால்சியம் கார்பனேட் சேர்த்த அட்டை, வெளியிலிருந்து வரும் அமிலத்தையும் ஓரளவு மாற்றிவிடும். சான்றிதழுக்கும் அச்சுப் படத்துக்கும் அது ஏற்றது. வண்ணப் புகைப்படத்துக்கு அது சேர்க்காத அமிலமற்ற அட்டையே பொருத்தம் என்பர். வெளிப்பலகையாக நெளிவுள்ள பாலிபுரோப்பிலீன் தகட்டை வைக்கலாம். அது ஈரம் குடியாது, எடையும் குறைவு. கடையில் ஹார்ட்போர்டுதான் உண்டென்றால், அதற்கும் உள்ளட்டைக்கும் நடுவே பாலியெஸ்டர் தாளையோ அலுமினியத் தாளையோ விரிக்கச் சொல்லுங்கள். பி.வி.சி. தகடு மட்டும் வேண்டா. நாட்பட்டால் அதிலிருந்தும் அமிலம் கசியும்.

மூன்றாவது, ஈரம். மழைக்காலத்தில் வெளிச்சுவர் நனைந்து குளிர்ந்திருக்கும். சட்டம் அதை ஒட்டிக் கிடந்தால் பின்பலகையில் பூஞ்சணம் பிடிக்கும். கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டோ ரப்பர்த் துண்டோ ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். செலவு மிகச் சிறிது, பயனோ பெரிது. பலகைக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்தைத் தாள் நாடாவால் மூடிவிட்டால், தூசியும் இராமபாணப் பூச்சியும் எளிதில் நுழையா. படத்தின் முன்புறமும் கண்ணாடியைத் தொடலாகாது. புகைப்படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் அது நெகிழ்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது முகமே உரிந்துவரும். சாளர அட்டை அழகுக்காக மட்டும் வைப்பதன்று என்பது இதனால் விளங்கும்.

நான்காவது, திறந்து மூடுதல். சுத்தியலால் ஆணி அடித்தால் கண்ணாடி அதிரும். கழற்றும்போது பலகை சிதையும். திருப்பினால் விலகும் சிறு தகடுகளைச் சட்டத்தில் திருகி வைத்தால் இத்தொல்லை இல்லை. படத்தை உள்ளட்டையில் முழுதும் ஒட்டிவிடுவதும் தவறு. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய தாள் கீல்களைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால், படம் விரியவும் சுருங்கவும் இடமிருக்கும். பூச்சிக்கு அஞ்சிப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது தாளைக் கெடுக்கும். செல்லோடேப் வேண்டவே வேண்டா.

மேசைமேல் நிற்கும் சட்டமாயின் பின்பலகைக்கு மற்றொரு வேலையும் சேர்கிறது. அதில் கீல் வைத்துப் பொருத்திய காலே படத்தை நிறுத்துகிறது. நாம் படித்த எடைமையக் கணக்கு இங்கே உதவும். 20 செ.மீ. உயரமுள்ள சட்டம் 15 பாகை பின்னால் சாய்ந்தால், அதன் எடைமையம் முன்விளிம்புக்கு 2.6 செ.மீ. பின்னே விழுகிறது. சாய்வு 5 பாகைதான் என்றால், அது 0.9 செ.மீ. ஆகக் குறைந்துவிடும், மேசையைச் சற்று அசைத்தாலும் படம் முன்னே குப்புற விழும். ஆகவே சாய்வு போதுமானதாக இருக்க வேண்டும். காலின் அடியைச் சாய்வுக்கு ஏற்பச் சரித்து வெட்ட வேண்டும். கால் மேலும் விரிந்து சறுக்காதபடி ஒரு நாடாவால் பலகையோடு இணைக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. பின்பலகை எழுதுவதற்கும் உரிய இடம். படத்தின் முதுகில் மைப்பேனாவால் எழுதினால் மை ஊறும். அழுத்தி எழுதினால் வடு முன்னால் தெரியும். பலகையில் அமிலமற்ற தாள் ஒன்றை ஒட்டி, படத்தில் இருப்போர் பெயர், ஊர், ஆண்டு, நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வைக்கலாம். எத்தனையோ வீடுகளில் பழைய குழுப்படங்கள் தொங்குகின்றன; நடுவில் அமர்ந்திருப்பவர் பெரிய தாத்தா என்பது தெரியும், அருகில் நிற்பவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் இருந்தபோது யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் சங்கமும் ஆண்டுதோறும் குழுப்படம் எடுக்கிறது. படிப்பு முடிந்ததும் நாம் நாலா பக்கமும் பிரிந்துவிடுவோம். அடுத்து வருபவர்களுக்கு நம் முகங்கள் மட்டும் எஞ்சும். இவ்வாண்டுப் படத்தை மாட்டுமுன், பின்பலகை எத்தகையது என்று கேட்போம். வரிசை வரிசையாகப் பெயர்களையும் அதில் எழுதிவிடுவோம்.