பெட்டியில் வரும் மஞ்சள் தூள்

ரிச்சர்ட்சனில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் சாப்பாட்டுப் பயம் பேச்சில் வந்துவிடும். சோளம் மரபணு மாற்றியதா, கீரைக்கு என்ன மருந்து அடித்தார்கள், 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக நிறுத்திய மசாலா இங்கேயும் விற்கிறதா என்று ஒரே விசாரணை. ஊரிலிருந்து பெட்டியில் வந்த மஞ்சள் தூளை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. "நம்ம வீட்ல அரைச்சதுங்க, அதுல என்ன இருக்கப் போகுது?"

ஈயம் இருக்கலாம். என்னைக் கேட்டால், மரபணு சோளத்தைவிட நாம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

லெட் குரோமேட் என்பது பளிச்சென்ற மஞ்சள் நிறமி, பெயின்ட்டில் போடுவது. 1980-களில் வங்கதேசத்தில் வெள்ளத்தில் நனைந்து மங்கிப்போன மஞ்சளுக்கு நிறம் ஏற்ற இதைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். வெள்ளம் வடிந்தது, பழக்கம் போகவில்லை. 2019-ல் ஆய்வாளர்கள் இதை அம்பலப்படுத்தியதும் அந்நாட்டு அரசு சந்தையில் சோதனை நடத்தி வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. 2019-ல் 47 சதவீத மாதிரிகளில் ஈயம் இருந்தது. 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மனசு வைத்தால் இரண்டே வருஷம்!

இந்தியாவில் அந்த வேகம் இல்லை. மஞ்சளில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அரசு விதி. 2024-ல் வெளியான தெற்காசிய ஆய்வில் பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகள் சிலவற்றில் 1000 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தது. ஈரோட்டு மஞ்சள்மேல் நான் பழி போடவில்லை. ஆனால் நிறமி சேர்வது பெரும்பாலும் கிழங்குக்கு பாலிஷ் போடும் இடத்தில். அதை வாங்கி வீட்டிலேயே காயவைத்து அரைத்தாலும் ஈயம் தூளோடு வந்துவிடும். மணத்திலோ ருசியிலோ தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. "நல்லா பளிச்சுனு இருக்கு" என்று தேடி வாங்குவதும் நாம்தானே.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மெடிக்கெய்டில் இருக்கும் குழந்தைகளுக்கு 1 வயதிலும் 2 வயதிலும் ரத்தத்தில் ஈயப் பரிசோதனை கட்டாயம். கம்பெனி இன்சூரன்ஸில் இருக்கும் நம் வீடுகளில் அது தானாக நடக்கும் என்று இருந்துவிட முடியாது. வீடு 1978-க்கு முன் கட்டியதா என்று டாக்டர் கேட்பார், பழைய பெயின்ட்டை நினைத்து. ஊர் மஞ்சள் பற்றி நாமாகச் சொல்லி டெஸ்ட் கேட்க வேண்டும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கவனிக்க வேண்டும் என்கிறது சிடிசி.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டம். "உன்னை இதைப் போட்டுத்தானடா வளர்த்தேன்" என்றார் என் அம்மா. இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார்: பாலிஷ் போடாத விரலி மஞ்சள் தெரிந்த விவசாயியிடம் கிடைக்கிறதாம், எத்தனை கிலோ வேணும்?