மூளைப் படமும் இளையோர் மனச்சோர்வும்

வளரிளம் பருவத்தினரைப் பற்றும் நோய்களுள் எளிதில் இனங்காண இயலாதது மனச்சோர்வு. அது துயரமாகவே தோன்றும் என்பதில்லை. எரிச்சலாகவும் சினமாகவும் வெளிப்படுவதுண்டு. ஆதலின் அதனைத் திமிர் என்றும் படிப்பில் அசட்டை என்றும் கொள்வார் பலர். சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனை இருப்பதுபோல இதற்கும் ஒரு சோதனை வாராதா என்னும் வேட்கையே அறிஞர்களை மூளைப் படத்தின்பால் ஈர்த்தது.

1990ஆம் ஆண்டில் செய்ஜி ஒகாவா என்னும் ஜப்பானிய அறிஞர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். உயிர்வளி நிறைந்த குருதியும் அதனை இழந்த குருதியும் காந்தப் புலத்தில் வேறுவேறாக நடந்துகொள்கின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டு மூளை இயங்குவதை எம்.ஆர்.ஐ. கருவியால் படமாக்கலாம். உழைக்கும் பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாயும். படம் காட்டுவது அப்பாய்ச்சலின் விளைவையே, எண்ணத்தையன்று.

இப்படங்களில் அடங்கிய எண்குவியலைக் கண்ணால் ஆய்ந்து முடியாது. எனவே நோயுற்றோர் படம் இது, நலமுடையோர் படம் இது என அடையாளமிட்டுக் கணினிக்குக் காட்டி, வேறுபாட்டை அதுவே கண்டறியுமாறு செய்கின்றனர். இதனை எந்திரக் கற்றல் என்பர். இதில் ஓர் இடர் உண்டு. சிலரின் படங்களை மட்டும் கற்ற கணினி, நோயை விட்டுவிட்டுக் கருவியின் இயல்பையோ சிறுவன் தலையசைத்ததையோ பற்றிக்கொள்ளும். நெட்டுருப் போட்ட மாணவன் வினா மாறியதும் விழிப்பதைப் போன்றதே இது!

ஜெர்மனியின் மார்பர்க், மூன்ஸ்டர் நகரங்களில் ஏறத்தாழ 1,800 பேரிடம் நிகழ்ந்த ஆய்வொன்று 2024இல் வெளியாயிற்று. பல இலட்சக்கணக்கான கணினி மாதிரிகளைச் சோதித்தும், மிகச் சிறந்தது 100க்கு 62 அளவிலேயே சரியாகச் சொன்னது. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிட்டுமன்றோ? அவர்களோ வயது வந்தோர். இளையோரின் மூளை வளர்ந்துகொண்டே இருப்பதால், வளர்ச்சியால் வந்த மாற்றம் எது, நோயால் வந்தது எது எனப் பிரிப்பது மேலும் அரிது. அமெரிக்காவில் 9, 10 வயதில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 12,000 சிறாரின் மூளையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்து வருவது இத்தகைய வினாக்களுக்காகவே.

இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். 'இவர் நோயாளி' எனக் கணினிக்குக் கற்பிக்கும் அடையாளம் எங்கிருந்து வந்தது? மருத்துவர் எதிரே அமர்த்தி, உறக்கம், பசி, ஆர்வம், சாவு பற்றிய எண்ணம் ஆகியன இரு வாரங்களாக எவ்வாறு உள்ளன என வினவி அறிந்ததே அது.

மனச்சோர்வுற்ற இளைஞருக்கு மருத்துவர் இன்று ஸ்கேன் எழுதித் தந்தால், கட்டி முதலிய வேறு நோய் உண்டா எனத் தெளிதற்பொருட்டே தருகிறார். 'படத்தில் ஒன்றுமில்லை' என்றதும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என மகிழ்ந்து, மறுமுறை மருத்துவரிடம் செல்லாத பெற்றோரை நாம் கண்டதுண்டு. அப்படம் மனச்சோர்வைத் தேடி எடுக்கப்பட்டதன்று.