‘கடல்நீர் ஊடுருவல்’ என்னும் கலைச்சொல்: மீஞ்சூர் நிலத்தடி நீரை முன்வைத்து

கடற்கரை நீரியலில் ‘கடல்நீர் ஊடுருவல்’ என்னும் கலைச்சொல் பாடநூல்களிலும் அறிக்கைகளிலும் நிலைபெற்றுவிட்டது. ‘ஊடு’, ‘உருவு’ என்பன இணைந்த இவ்வினை, துளைத்து உட்செல்லுதலைக் குறிக்கும். எல்லையில் பகைவர் ஊடுருவினர் என்பதே இன்று செய்தித்தாள்வழிப் பழகிய ஆட்சி. எனவே, இச்சொல்லைப் படிப்பவர் மனத்தில் கடலே வினைமுதலாக நிற்கிறது. நிகழ்வின் இயங்குமுறையோ வேறு.

கடலோர மணற்படுகையில் நன்னீர், அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும். கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகியோர் பெயரால் வழங்கும் விதிப்படி, சமநிலையில், கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே 1 மீட்டர் குறைந்தால் கீழே 40 மீட்டர் இழப்பு. நன்னீர் விலகிய இடத்தையே கடல்நீர் நிரப்புகிறது.

மீஞ்சூர் இதற்குத் தெளிவான சான்று. ஆரணியாறு–கொசஸ்தலையாறு வடிநிலத்தில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1966–69இல் ஆய்வு நடத்தியது. பின்னர் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய கிணற்றுப் புலங்களிலிருந்து சென்னைக்கும் ஆலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது, வயல்களுக்கும் இறைத்தனர். 1969இல் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. வரை காணப்பட்ட உவர்நீர், 1987இல் ஏறத்தாழ 9 கி.மீ. வரை எட்டியது. இங்கு வினைமுதல் கடலன்று, இறைப்பு. கலைச்சொல் அதை மறைத்துவிடுகிறது.

‘கிணற்றில் உப்பு ஏறிவிட்டது’ என்னும் பேச்சுவழக்கு இதனினும் நுட்பமானது. மிகுதியாக இறைக்கும் கிணற்றின் அடியில் உவர்நீர் கூம்புபோல் மேலெழுவதை நீரியலார் அறிவர். ‘ஏறு’ என்னும் வினை அதற்கு முற்றிலும் பொருந்துகிறது. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இத்தகைய வழக்குகளைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை.

‘கடல்நீர்’ என்னும் முன்னொட்டும் ஆய்வுக்குரியது. எண்ணூர்க் கழியும் பக்கிங்காம் கால்வாயும் உப்பளங்களும் சூழ்ந்த இப்பகுதியில், கிணற்று நீர் கரிப்பதால் மட்டும் அது கடலிலிருந்து நேரே வந்ததென முடிவுசெய்ய இயலாது. குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதம் மூலத்தைப் பிரித்தறிய உதவும்; கடல்நீரில் அது நிறை அளவில் 290 அளவில் அமையும். அத்தகைய பகுப்பாய்வு செய்யப்படாத இடத்தில் ‘உவர்நீர் உட்புகல்’ என்று எழுதுவதே பொருந்தும்.