கெர்னல் மடல்களில் மூழ்காமல் இருக்க

லினக்ஸ் கெர்னலுக்குப் பங்களிக்க ஆசைப்படுகிற புதியவர்கள் பலர் முதல் வேலையாக எல்கேஎம்எல் என்கிற முதன்மை மடலாடற்குழுவில் சேர்ந்துவிடுகிறார்கள். மறுநாள் பெட்டியைத் திறந்தால் பல நூறு மடல்கள். சில நாள் ஆயிரத்தைத் தாண்டும். ஒரே வாரத்தில் "இது நமக்குச் சரிப்படாது" என்று ஒதுங்கிவிடுவார்கள். சி மொழி நன்றாகத் தெரிந்த பையன்களே இப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்களும் எல்லாவற்றையும் படிப்பதில்லைங்க. படிக்கவும் முடியாது.

குழுவில் சேராமலே மடல் அனுப்பலாம். பதில் எழுதுபவர்கள் சம்பந்தப்பட்ட எல்லாரையும் நகலில் வைத்தே எழுதுவது அங்கே வழக்கம் என்பதால், உங்களுக்கான பதில் உங்களிடம் வந்துவிடும். யாருக்கு அனுப்புவது? மூலநிரலோடு வரும் 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்டிடம் பேட்ச்சைக் கொடுத்தால் அதுவே சொல்லிவிடும். (ஹெச்டிஎம்எல் மடல் மட்டும் வேண்டாம், சர்வர் வாங்கவே வாங்காது.)

படிப்பதற்கு 'லோர்' காப்பகம் இருக்கிறது. பிரௌசரில் தேடலாம், அல்லது தண்டர்பேர்டில் நியூஸ் சர்வராகச் சேர்க்கலாம். மடல்கள் அங்கேயே கிடக்கும், உங்கள் பெட்டிக்கு வராது.

இன்னொன்று, இழை. ஒவ்வொரு மடலுக்கும் தனி மெசேஜ்-ஐடி உண்டு. பதில் மடலின் தலைப்பகுதியில் அது எந்த மடலுக்கான பதில் என்று அந்த ஐடி இருக்கும். மட், தண்டர்பேர்ட் மாதிரி மென்பொருள்கள் இதை வைத்துத்தான் கிளை கிளையாக அடுக்கிக் காட்டுகின்றன. ஜிமெயில் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொட்டிவிடும். ஐம்பது பதில் வந்த விவாதத்தில் யார் யாருக்குச் சொன்னார் என்றே புரியாது. கிளையாகப் பார்த்தால், வேண்டாத விவாதத்தை மொத்தமாகத் தள்ளிவிடலாம். தண்டர்பேர்டில் அதற்கு 'கே' விசை ஒன்று போதும்.

தலைப்பில் 'வி3 2/7' என்றிருந்தால் மூன்றாம் பதிப்பு, ஏழில் இரண்டாவது பேட்ச். புதியவர்கள் 0/7-ஐயும் அதற்கு வந்த பதில்களையும் மட்டும் படித்தாலே போதும். என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும். அதுக்கும் நேரமில்லையா, ஜோனதன் கார்பெட்டின் எல்டபிள்யூஎன் 1998-லிருந்து வாராவாரம் முக்கியமான விவாதங்களைச் சுருக்கித் தருகிறது.

நீங்கள் அனுப்பிய பேட்ச்சுக்குப் பதிலே வரவில்லை என்றால் மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. பராமரிப்பாளரும் இதே வெள்ளத்தில்தான் நிற்கிறார். கெர்னல் ஆவணம் குறைந்தது ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறது. அதன் பிறகு தாராளமாக நினைவூட்டலாம்.