மைலேஜ் மட்டும் பார்த்து ஹைபிரிட் கார் வாங்கலாமா? கண்ணையும் முதுகையும் கேளுங்கள்!

"லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் குடுக்கும் சார்?"

ஷோரூமுக்குள் கால் வைத்ததும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கடைசிக் கேள்வியும் அநேகமாக இதுதான்!

பெட்ரோல் விற்கிற விலையில் இப்படிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால், ஹைபிரிட் கார் வாங்கப் போகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டு, அட்வான்சைக் கட்டி விடுகிறார்கள். கார் வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு பேர் புகார் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். ஒன்று, ஓட்டுகிறவரின் கண். மற்றொன்று, உட்காருகிறவரின் முதுகு!

ஹைபிரிட் என்றால்?

ஒரே காரில் பெட்ரோல் என்ஜினும், மின்சார மோட்டாரும் இருந்தால் அது ஹைபிரிட். மெதுவாக ஊர்ந்து போகும்போது மோட்டாரே வண்டியை ஓட்டிவிடும். வேகம் எடுத்தால் என்ஜின் கை கொடுக்கும். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகிற சக்தியில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பி வரும். சாதாரண ஹைபிரிட்டுக்கு வீட்டில் சார்ஜ் போடுகிற வேலை கிடையாது.

ஜப்பானில் 1997-ம் வருஷம் டிசம்பரில் டொயோட்டாவின் 'பிரியஸ்' கார் விற்பனைக்கு வந்தது. பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார் அதுதான். நம் நாட்டில் 2013-ல் பெங்களூரை அடுத்த பிடதியில் 'கேம்ரி' ஹைபிரிட் தயாராக ஆரம்பித்தது. 2022-ல் ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் என்று வரிசையாக இறங்கின. நடுத்தரக் குடும்பங்களும் விசாரிக்க ஆரம்பித்தன.

இதில் ஒரு எச்சரிக்கை. 'மைல்டு ஹைபிரிட்' என்று ஒரு ரகம் உண்டு. அதில் மோட்டார் என்ஜினுக்கு ஒத்தாசை மட்டும்தான் செய்யும். தனியாக வண்டியை ஓட்டாது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

சத்தமே வராது!

தி.நகர் உஸ்மான் ரோட்டில் இருந்து பிரியும் ஒரு சந்தை நினைத்துப் பாருங்கள். சாயங்காலக் கூட்டம். ஹைபிரிட் கார் ஒன்று மோட்டாரில் மட்டும் நகர்ந்து வருகிறது. என்ஜின் உறுமல் இல்லை. முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் அம்மாவுக்கு, பின்னால் கார் வருவதே தெரியாது. திரும்பியும் பார்க்க மாட்டார்.

இந்த ஆபத்தை உணர்ந்துதான் ஐரோப்பிய யூனியன் நாடுகளில் சட்டமே போட்டார்கள். 2021 ஜூலை முதல் அங்கே விற்கும் புதிய மின்சாரக் காரும், மோட்டாரில் தனியே ஓடும் ஹைபிரிட் காரும் 20 கிலோ மீட்டர் வேகம் வரை செயற்கையாகச் சத்தம் கொடுத்தாக வேண்டும்.

நடப்பவரின் காது உதவாத இடத்தில், ஓட்டுகிறவரின் கண்தான் காவல். அந்தக் கண்ணுக்கு வெளியே தெரிகிறதா, இல்லையா? கேள்வியே இதுதான்.

தூண் மறைக்குது!

முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு தூண்கள் இருக்கும். பழைய கார்களில் இவை ஒல்லியாக இருந்தன. இப்போது தடித்துவிட்டன. காரணம் நல்ல காரணம்தான். கார் உருண்டால் கூரை நசுங்கக் கூடாது. பக்கவாட்டு ஏர்பேக்குக்கும் இடம் வேண்டும்.

ஆனால் உயிரைக் காக்கிற அதே தூண், ரோட்டில் போகிறவரை மறைத்தும் விடுகிறது!

நம் ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். வலது தூண் கண்ணுக்குக் கிட்டே இருப்பதால், அது மறைக்கும் பரப்பும் அதிகம். சிக்னலில் வலது பக்கம் திரும்பும்போது, அந்த ரோட்டைக் கடக்கிற ஆள் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். காரும் அவரும் ஒரே போக்கில் நகர்ந்தால், கடைசி நிமிஷம் வரை அவர் தூணை விட்டு வெளியே வரவே மாட்டார்.

"எங்கிருந்து வந்தான்னே தெரியலீங்க" என்று டிரைவர்கள் சொல்வது எல்லாமே பொய் அல்ல.

உயரமாக இருந்தால் தெரியுமா?

"பெரிய வண்டி சார். மேலே உட்கார்ந்தா ரோடு பூரா தெரியும்" என்பார் சேல்ஸ்மேன்.

தூரத்து ரோடு தெரியும். பக்கத்து ரோடு?

அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். டிரைவரின் கண் இருக்கும் இடத்தில் கேமராவை வைத்து, காரைச் சுற்றி முன்பக்கம் 10 மீட்டருக்குள் எவ்வளவு தரை தெரிகிறது என்று கணக்கெடுத்தார்கள். 2025-ல் முடிவு வெளிவந்தது. 1997-ம் வருஷத்து ஹோண்டா சி.ஆர்.வி. காரில் 68 சதவீதம் தெரிந்தது. அதே பெயரில் 2022-ல் வந்த காரில் வெறும் 28 சதவீதம்!

உயரம் குறைந்த கேம்ரி கார் அவ்வளவு மோசமில்லை. 2007 மாடலில் 61 சதவீதம். 2023 மாடலில் 57 சதவீதம்.

இவை அங்கே விற்கும் மாடல்கள். இருந்தாலும் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். பானெட் உயர உயர, அதன் அடியில் நிற்கும் சின்னப் பையன் மறைந்து போகிறான்.

அழகு வந்தது, கண்ணாடி போனது

பின்பக்கமும் கதை இதுதான். 2003-ல் வந்த பிரியஸ் காரின் பின்புறம் சரிவாக இருந்ததால், கீழே செங்குத்தாக இன்னொரு கண்ணாடி வைத்தார்கள். ரிவர்ஸ் எடுக்க அது ரொம்ப உதவி. 2022 நவம்பரில் புது பிரியஸ் அறிமுகமானபோது அந்தக் கீழ்க் கண்ணாடி இல்லை. கூரையும் சுமார் 5 சென்டி மீட்டர் இறங்கிவிட்டது. பார்க்க என்னவோ பிரமாதம். உள்ளே ஏறுகிறவர்தான் தலையைக் குனிய வேண்டும்.

"அதான் கேமரா இருக்கே" என்று கேட்கலாம். இருக்கிறது. மழை நாளில் சேறு தெறித்தால் கேமராவுக்கும் கண் தெரியாது! 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அது "பீப் பீப்" என்று கத்தும். பின்னால் இருப்பது பூந்தொட்டியா, குழந்தையா என்று சொல்லாது.

பேட்டரி எங்கே உட்காருது?

இனி முதுகு விவகாரம். ஹைபிரிட் காரில் பேட்டரிக்கு ஓர் இடம் கொடுத்தாக வேண்டும். அந்த இடம் யாரிடமிருந்தாவது பிடுங்கப்பட்டதாகத்தான் இருக்கும்.

ஹோண்டா சிட்டியில் பெட்ரோல் காருக்கு டிக்கி 506 லிட்டர். ஹைபிரிட்டுக்கு 306 லிட்டர். கிராண்ட் விட்டாராவில் மைல்டு ரகத்துக்கு 373 லிட்டர், முழு ஹைபிரிட்டுக்கு 265 லிட்டர். திருப்பதிக்கு நாலு பேர் பெட்டியோடு போனால், ஒரு பெட்டி மடிக்கு வந்துவிடும். இன்னோவா ஹைகிராசில் பேட்டரியை முன் சீட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டதால், டிக்கி தப்பித்தது.

கூரையில் பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. பின் சீட்டில் உயரமான ஆளுக்குத் தலை இடிக்கும். மூன்றாவது வரிசை சீட்டு என்றால் முழங்காலைப் பாருங்கள். மடித்து மார்புக்கு வந்தால் அது குழந்தைகளுக்கு மட்டுமே.

ஒரு சவுகரியமும் உண்டு. முழு ஹைபிரிட்களில் ஏ.சி. கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடும். சிக்னலில் என்ஜின் நின்றாலும் காற்று குளிர்ச்சியாக வரும். மே மாத வெயிலில் கத்திப்பாராவில் மாட்டிக்கொண்டவருக்கு இதன் அருமை தெரியும்.

அப்பாவையும் கூட்டிப் போங்க

கார் பார்க்கப் போகும்போது மகன் மட்டும் போகக் கூடாது. மூட்டு வலி உள்ள அப்பாவையும், இடுப்பு வலி உள்ள அம்மாவையும் கூட்டிப் போக வேண்டும்.

"என்னை எதுக்குடா இழுக்கிறே? நீ பார்த்தா சரி" என்பார் அப்பா.

"நீங்கதானேப்பா பின்னாடி உட்காரப் போறீங்க?" என்று கேளுங்கள். பதில் இருக்காது.

சீட் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். விழுந்து உட்காரவும் கூடாது. ஏறி உட்காரவும் கூடாது. தொடையின் அடியில் மெத்தை முழங்கால் பக்கம் வரை தாங்க வேண்டும். தொடை அந்தரத்தில் தொங்கினால், செங்கல்பட்டு வருவதற்குள் கால் மரத்துவிடும்.

ஓட்டுகிறவருக்கு: பிரேக்கை முழுசாக அழுத்தினாலும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 சென்டி மீட்டராவது இடைவெளி வேண்டும். சீட்டை உயர்த்தித் தாழ்த்த வசதி உண்டா? ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்த முடிகிறதா? குள்ளமான மனைவியும், உயரமான கணவனும் ஓட்டும் வண்டி என்றால் இரண்டும் அவசியம்.

பிறகு ஒரு சோதனை. வண்டி நிற்கட்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் காரைச் சுற்றி மெதுவாக நடக்கட்டும். எந்த இடத்தில் மறைகிறார், எத்தனை அடி போனதும் மறுபடி தெரிகிறார் என்று ஸ்டியரிங்கில் இருப்பவர் பார்க்கட்டும். காசு செலவில்லை. இரண்டு நிமிஷ வேலை!

ஓட்டிப் பார்ப்பதும் ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டோடு போதாது. அரை மணி நேரம் வேண்டும். முடிந்தால் விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. புது காரில் முன், பின் கண்ணாடி 70 சதவீதம் வெளிச்சத்தை விட வேண்டும், பக்கக் கண்ணாடி 50 சதவீதம் விட வேண்டும் என்பது விதி. ராத்திரியில் அந்த வெளிச்சம் போதுமா என்று அவரவர் கண்தான் சொல்ல வேண்டும்.

வாங்கிய பிறகும் ஒரு பழக்கம் வேண்டும். திரும்பும் முன், தலையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்து, தூணுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஒரு வினாடிதான். அங்கே ஒரு சைக்கிள் பையன் இருக்கலாம்.

லிட்டருக்கு எவ்வளவு என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் உள்ளே உட்கார்ந்து, "இங்கிருந்து எனக்கு என்ன தெரியலே?" என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்!