கைப்பழக்கம்: உடம்பைக் கெடுப்பது பயம்தான்

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர், மேம்பாலத் தூண், கேபிள் சேனலின் பின்னிரவு நேரம் என்று தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் அந்த விளம்பரத்தைப் பார்க்கலாம். சிறுவயதில் அறியாமல் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சியா, ஆண்மைக்குறைவா, சொப்பன ஸ்கலிதமா, உறுப்பு சிறுத்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, மாதத்தில் எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்பதோடு முடியும். வீட்டிலும் பள்ளியிலும் யாரும் வாய் திறக்காத விஷயத்தில், பதினாறு வயதுப் பையனுக்குக் கிடைக்கும் முதல் பாடம் இதுதான். விளம்பரம் அடுக்கும் தொல்லைகளில் சோர்வு, விறைப்பு நிலைக்காமை, விந்து முந்துதல் ஆகியவை பல இளைஞர்களுக்கு உண்மையிலேயே வருகின்றன. ஆனால் பெரும்பாலும் அவற்றைக் கொண்டுவருவது சுயஇன்பம் அல்ல, சுயஇன்பத்தைப் பற்றி அவர்கள் மனத்தில் ஏற்றப்பட்ட பயம்.

முதலில் உடம்பின் கணக்கைப் பார்ப்போம். ஒருமுறை வெளியேறும் விந்து பொதுவாக 2 முதல் 5 மில்லி. அதில் மூன்றில் இரண்டு பங்கு விந்துப் பைகளில் சுரக்கும் திரவம். மிச்சத்தில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது. உயிரணுக்களின் பங்கு சில சதவீதம் மட்டுமே. பருவ வயதில் தொடங்கும் உயிரணு உற்பத்தி முதுமையிலும் முற்றிலும் நிற்பதில்லை. ஓர் உயிரணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். வெளியேறாத உயிரணுக்கள் சிதைந்து உடம்பிலேயே கரைந்துவிடும், அல்லது தூக்கத்தில் வெளியேறும். 5 மில்லி விந்தில் உள்ள புரதம் ஏறத்தாழ கால் கிராம்; ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் இருக்கிறது. இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து என்ற கணக்குக்கு உடலியலில் இடமே இல்லை. அமெரிக்காவில் பாலியல் ஆய்வாளர் கின்சி 1948இல் வெளியிட்ட ஆய்வில் 92 சதவீத ஆண்கள் சுயஇன்பம் செய்ததாகச் சொன்னார்கள். சுமார் 32,000 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, மாதத்துக்கு 21 முறையோ அதற்கு மேலோ விந்து வெளியேற்றியவர்களுக்கு, 4 முதல் 7 முறை வெளியேற்றியவர்களைவிட புராஸ்டேட் புற்றுநோய் குறைவாக இருந்ததைக் கண்டது. ஒன்றால்தான் மற்றொன்று என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் விந்து போனால் உடம்பு உருகிவிடும் என்பது உண்மையானால், இந்த முடிவு நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அப்படியானால் அந்தப் பையனுக்கு ஏன் கை நடுங்குகிறது, ஏன் இடுப்பு வலிக்கிறது? அவன் பொய் சொல்லவில்லை. விறைப்புக்கு உடல் தளர்ந்து அமைதியாக இருக்க வேண்டும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் ஆணுறுப்பின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். தனக்கு ஏற்கெனவே ஆண்மை போய்விட்டது என்று நம்புகிறவன் முதலிரவில் தோற்க அதுவே போதும். தோற்றதும் நம்பிக்கை உறுதியாகிறது, அடுத்த முறை பயம் இரட்டிப்பாகிறது. சிறுநீர் கலங்கலாக வந்தால் தாது கழிகிறது என்று பதறுகிறான். பெரும்பாலும் அது பாஸ்பேட் உப்பு. மலம் கழிக்க முக்கும்போது இரண்டு சொட்டு வழவழப்பாக வந்தால் அது பொதுவாக புராஸ்டேட் நீர். இந்தக் கவலையோடு வருகிறவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்திருப்பதை மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் இதற்கு ‘தாத் சிண்ட்ரோம்’, அதாவது தாது நோய்க்குறி, என்று பெயரிட்டார்.

நம் முன்னோர் சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்பவர்கள் உண்டு. ஏழு உடற்கட்டுகளில் சுக்கிலத்தை, அதாவது விந்தை, கடைசியாக வைத்தது சித்த மருத்துவத்தின் உடல் தத்துவம். அதை எடுத்து ஒரு பையனை மிரட்டுவது வேறு காரியம். மேலும் இந்தப் பயம் நம் மரபுக்கு மட்டும் உரியதும் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ‘ஒனானியா’ என்ற நூல் பெயரில்லாமல் வெளியாகி, சுயஇன்பத்தால் வரும் நோய்களை அடுக்கிவிட்டு, அவற்றுக்கான மருந்துகளையும் விற்றது. ஸ்விட்சர்லாந்து மருத்துவர் டிஸ்ஸோ 1760இல் இதையே மருத்துவ உண்மையாக எழுத, ஐரோப்பா நூறாண்டுக்கு மேல் நடுங்கியது. இலங்கை மருத்துவர்களான சுமதிபாலவும் சிறிபத்தனவும் மனநல மருத்துவர் தினேஷ் புக்ராவுடன் சேர்ந்து 2004இல் எழுதிய கட்டுரை இந்த வரலாற்றைத்தான் எடுத்துக்காட்டியது. ஐரோப்பாவில் அந்தப் பயம் போனது ஆண்கள் பழக்கத்தை விட்டதால் அல்ல.

அளவுக்கு மிஞ்சினால் என்ற கேள்வி நியாயமானது. படிப்பும் வேலையும் உறவும் கெட்டுப்போகும் அளவுக்கு, நிறுத்த முயன்றும் மாதக்கணக்கில் முடியாமல் ஒருவர் தவித்தால், அது சிகிச்சை தேவைப்படும் கோளாறுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் அதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் செய்வது பாவம் என்ற குற்றவுணர்ச்சியால் மட்டும் வரும் வேதனையை அந்தக் கோளாறாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் அதே பட்டியல் சொல்கிறது. வாரத்துக்கு இத்தனை முறை என்ற வரம்பு எதுவும் அதில் இல்லை. மிக இறுக்கிப் பிடித்தே பழகியவர்களுக்கு உடலுறவில் விந்து வரத் தாமதமாகலாம். பிடியை மாற்றிப் பழகினால் பெரும்பாலும் சரியாகும். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறது, மனைவியிடம் மட்டும் இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் மனத்தில்தான். காலையிலும் இல்லையென்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹார்மோன் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். லாட்ஜ் அறையில் இதில் எதுவும் நடப்பதில்லை.

பாலியல் திறனைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மத்திய சட்டப்படியே குற்றம். சுவர்களைப் பார்த்தால் அந்தச் சட்டம் எழுபது ஆண்டாக இருக்கிறது என்று தோன்றாது. இழப்பு பணத்தோடு நிற்பதும் இல்லை. மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய பொருள்கள் பலவற்றில் வயாகராவின் மூலப்பொருளான சில்டெனாஃபில் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தொடர்ந்து எச்சரிக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்தச் சந்தேகங்களைத் தயங்காமல் கேட்கலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.