மூலமும் பிரதியும்

ஒரு நூலைப் பார்த்து மற்றொன்று எழுதுங்கால் நேரும் இடர்ப்பாடுகளைத் தமிழ் பயிலும் மாணவர் நன்கறிவர். ஏட்டுச் சுவடிகள் செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகுமாதலின், நம் முன்னோர் அவற்றைக் காலந்தோறும் பெயர்த்தெழுதி வந்தனர். அங்ஙனம் எழுதியோர் ஓரெழுத்தை விடுத்தும், ஓரடியை இருமுறை எழுதியும் சென்றமையாலன்றோ இன்று பாடபேதங்கள் பல காணப்படுகின்றன? ஆயினும், எழுதுவோன் எத்துணைப் பிழை செய்யினும், எழுதுதலாகிய அச்செயலால் அவன்முன் இருந்த மூல ஏடு அழிந்துபோவதில்லை. இக்காலத்துக் கணினியிலோ, பிரதி செய்யும் கட்டளையே மூலத்தை அழித்துவிடவும் கூடும். அஃது எங்ஙனம் நிகழும் என்பதையும், அக்கட்டளையின் உள்ளே அமைந்த வியத்தகு கணக்கையும் ஒருவாறு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுமாறு என்னைத் தூண்டியது யான் செய்த பிழையொன்றே. சென்ற ஆண்டு எம் வகுப்பினர் மூவர் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்று, மீன்பிடிப்போர் வழங்கும் சொற்களைத் தொகுத்தோம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்கு அவர்கள் இட்ட பெயர்களையும், அவை வீசும் திசைகளையும் பருவங்களையும் முதியவர் ஒருவர் கூறக்கேட்டுக் குரற்பதிவு செய்து, எழுத்திலும் பெயர்த்துக் கணினியில் ஒரு கோப்புறையில் இட்டு வைத்தோம். அதன் பிரதியொன்று வேறோர் அறையிலுள்ள சர்வரில், அஃதாவது பலருக்கும் கோப்புகளை வழங்கி நிற்கும் பொதுக்கணினியில், இருந்தது. நான்கு நாள் உழைப்பில் எம் கோப்புறை மிக வளர்ந்துவிட்டது. சர்வரிலிருந்த பிரதியோ பழைய நிலையிலேயே நின்றது. இரண்டையும் ஒன்றுபோல் ஆக்கக் கருதி, ஓரிரவு யான் ஒரே வரியில் ஒரு கட்டளையைத் தட்டெழுதினேன். சில விநாடிகளில் இரண்டும் ஒன்றுபோலாயின. ஆனால், பழையது புதியதைப் போல் ஆகவில்லை. புதியது பழையதைப் போல் ஆயிற்று! நான்கு நாளைய எழுத்தும் குரலும் ஒருங்கே மறைந்தன. மூலத்தின் பெயரை முன்னும், சேரிடத்தின் பெயரைப் பின்னும் எழுதவேண்டியவன், அவ்விரண்டையும் முன்பின்னாக மாற்றிவிட்டேன்.

அக்கட்டளையின் பெயர் ‘ஆர்சிங்க்’ என்பது. அதன் வரலாற்றைச் சிறிது காண்போம். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றிற்குக் கோப்பைப் பெயர்க்கும் கட்டளைகள் அதற்கு முன்னரும் இருந்தன. 1983-இல் கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்கிலியிலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் பதிப்பில் ‘ஆர்.சி.பி.’ தோன்றிற்று. 1995-இல் பின்லாந்து தேசத்தவராகிய தாத்து யுலோனென் என்பார், இடையிலுள்ளோர் படிக்கவியலாதபடி செய்தியை மறைத்தனுப்பும் ‘எஸ்.எஸ்.எச்.’ முறையை இயற்றினார். அம்முறையைத் தழுவி ‘எஸ்.சி.பி.’ எழுந்தது. இவை கோப்பு முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை அனுப்புவன. ஆயிரம் பக்க நூலில் ஒரு சொல்லைத் திருத்தினும், ஆயிரம் பக்கங்களையும் மீண்டும் அனுப்பியே தீரும்.

1996-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கான்பரா நகரிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் என்னும் இருவர் ஆர்சிங்க்கை வெளியிட்டனர். மெதுவான தொடர்பினால் இணைந்த இரு கணினிகளுக்கிடையே, மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது எப்படி என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. டிரிட்ஜெல் இதனை 1999-இல் தம் ஆராய்ச்சிப் பட்டக் கட்டுரையிலும் விரித்துரைத்தார்.

இவ்வினா தோன்றும் அளவுக்கு எளிதன்று. புதிய கோப்பு ஓரிடத்திலும் பழைய கோப்பு வேறோரிடத்திலும் உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டாலன்றோ எது மாறியது என்று அறியலாம்? ஒப்பிடுதற்கு ஒன்றை மற்றதனிடம் அனுப்பவேண்டுமெனின், அனுப்பும் உழைப்பு எஞ்சவில்லையே! இம்முட்டுப்பாட்டை அவர்கள் நீக்கிய வழி பின்வருமாறு.

பழைய பிரதியை வைத்திருக்கும் கணினி அதனைச் சம அளவுள்ள துண்டுகளாகப் பகுக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு அடையாள எண்களைக் கணிக்கிறது. ஒன்று விரைவில் கணிக்கத்தக்க சிற்றடையாளம். மற்றொன்று எளிதில் ஏமாறாத பேரடையாளம். துண்டுகளை அனுப்பாமல் இவ்வெண்களை மட்டும் மறுபுறத்துக்கு அனுப்புகிறது. புதிய கோப்பை உடைய கணினி, அவ்வெண்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, தன் கோப்பினுள் அதே அளவுள்ள சாளரம் ஒன்றை ஓரெழுத்து ஓரெழுத்தாக நகர்த்திச் செல்கிறது. சாளரத்துள் அகப்பட்ட பகுதியின் சிற்றடையாளம் பட்டியலில் இருப்பின், பேரடையாளத்தையும் கணித்து உறுதிசெய்கிறது. இரண்டும் பொருந்துமாயின், ‘இவ்விடத்தில் உன்னிடமுள்ள இன்ன துண்டை இடுக’ என்று குறிப்பு மட்டும் அனுப்புகிறது. பொருந்தாத எழுத்துக்களையே உள்ளவாறு அனுப்புகிறது.

சாளரத்தை ஏன் ஓரெழுத்தாக நகர்த்தவேண்டும் என்று வினவலாம். நூலின் தொடக்கத்தில் ஒரு சொல்லைப் புகுத்தினால், பின்னுள்ள எழுத்துக்கள் யாவும் இடம்பெயரும். முதல் துண்டோடு முதல் துண்டு, இரண்டாவதோடு இரண்டாவது என ஒப்பிடின் எல்லாம் மாறியனவாகவே தோன்றும். நகரும் சாளரமோ, இடம்பெயர்ந்த பகுதியையும் அது நிற்குமிடத்தில் கண்டுகொள்ளும்.

ஒவ்வொரு நகர்வுக்கும் புதிதாகக் கணக்கிடின் காலம் வீணாகாதோ எனின், ஆகாது. ஓர் உதாரணம் காண்க: 3, 8, 5, 2, 9 என ஐந்து எண்கள் வரிசையாக உள்ளன. முதல் நான்கின் கூட்டுத்தொகை 18. சாளரம் ஓரிடம் நகரும்போது நான்கையும் மீண்டும் கூட்டவேண்டுவதில்லை. வெளியேறும் 3-ஐக் கழித்து, உட்புகும் 9-ஐக் கூட்டினால் 24 என விடை வரும். சிற்றடையாளம் இங்ஙனம் உருண்டு செல்வது. வெறுங்கூட்டுத்தொகை எழுத்துக்களின் முறைமாற்றத்தைக் காட்டாதாகலின், இடத்திற்கேற்ப எடை தந்து கூட்டும் இரண்டாவது தொகையொன்றும் அதனுடன் சேர்க்கப்பட்டுள்ளது.

இதனால் வரும் ஆதாயத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பத்து லட்சம் பைட் அளவுள்ள கோப்பினை ஆயிரம் பைட் துண்டுகளாகப் பகுத்தால் 1000 துண்டுகள் ஆகும். முதற்பதிப்பின் முறைப்படி சிற்றடையாளம் 4 பைட்டும், பேரடையாளம் 16 பைட்டும் கொள்ளும். ஆகவே அடையாளங்கள் அனைத்தும் 20,000 பைட். ஒரு துண்டு மட்டும் மாறியிருப்பின், அதன் ஆயிரம் பைட்டும் சில குறிப்புகளும் சேர, ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு உழைப்பிலேயே வேலை முடிகிறது. ஆயினும் இதற்கும் வரம்புண்டு. சுருக்கி வைக்கப்பட்ட கோப்புகளில் சிறு திருத்தமும் பின்வரும் பைட்டுகளையெல்லாம் மாற்றிவிடுமாதலின், அவற்றில் இவ்வாதாயம் பெரும்பாலும் கிட்டுவதில்லை.

மேலும், எந்தக் கோப்பை ஆராய்வது என்று தெரிந்துகொள்ள, ஆர்சிங்க் முதலில் கோப்பின் அளவையும், கடைசியாகத் திருத்திய நேரத்தையும் மட்டுமே நோக்குகிறது. அவ்விரண்டும் ஒத்திருப்பின் உள்ளடக்கத்தைப் பாராமலே கடந்து செல்லும். உள்ளடக்கத்தையும் ஒப்பிட விரும்புவோர் ‘செக்சம்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்தல் வேண்டும். இன்னொரு நற்பண்பும் கூறத்தக்கது. வரும் கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பின்னரே உரிய பெயருக்கு மாற்றுமாதலின், மின்சாரம் இடையில் நின்றாலும் பழைய கோப்பு பாதி அழிந்து நிற்பதில்லை.

இத்துணை நுட்பமுள்ள கருவி என் உழைப்பை ஏன் அழித்தது? அது தன் கடமையையே செய்தது. ‘டிலீட்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்தால், மூலத்தில் இல்லாதன யாவும் சேரிடத்திலிருந்து நீக்கப்படும். யான் பழையதை மூலமென்று காட்டினேன், அது நம்பிற்று. விண்டோஸ் கணினிகளிலுள்ள ‘ரோபோகாப்பி’ என்னும் கருவியிலும் ‘மிர்’ என்னும் விருப்பம் இவ்வாறே செய்யும். மூலம் எது என்பதைக் கருவி அறியாது. கட்டளையிடுவோனே அறிதல் வேண்டும். மூலமிருக்கும் வட்டு சரியாக இணைக்கப்படாமல் வெறுங்கோப்புறையாகத் தோன்றினால், அவ்வெறுமையும் உண்மையாகவே பிரதியில் பதிந்துவிடும்.

இத்தகைய பிழை என்போன்ற மாணாக்கனுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்குமுள்ள நிரல் எழுதுவோர் தம் பணியை இட்டுவைக்கும் கிட்லாப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31-ஆம் நாள் இதனை ஒத்ததொரு விபத்து நிகழ்ந்தது. அங்கே ஒரு முதன்மைச் சர்வரும், அதனை ஒத்திசைந்து தொடரும் துணைச் சர்வரும் இருந்தன. துணை பின்தங்கிவிடவே, அதனை வெறுமையாக்கி மீண்டும் பிரதி எடுக்கப் பொறியாளர் ஒருவர் முனைந்தார். ஆனால் அவர் அழிக்கும் கட்டளையை இட்டது முதன்மைச் சர்வரில்! ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சிற்று. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய மற்றொரு காப்புப்பிரதியைத் தேடியபோது, கருவியின் பதிப்பு வேறுபாட்டால் அஃது எடுக்கப்படாமலே இருந்தமை தெரியவந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னர் எடுத்து வைத்த பிரதியொன்றால் மறுநாள் மீண்டனர். இடைப்பட்ட பதிவுகள் மீளவில்லை. தம் குறையை மறையாது அந்நிறுவனத்தார் உலகறிய எழுதி வெளியிட்டமை பாராட்டற்குரியது.

இதனால் நாம் அறியவேண்டுவது யாது? ஒத்திசைத்தல் வேறு, காத்தல் வேறு. ஒத்திசைந்த இரு கோப்புறைகள் கண்ணாடியும் முகமும் போல்வன. முகத்தில் விழுந்த காயம் கண்ணாடியிலும் தோன்றும். பிழையாக நீக்கிய கோப்பு, ஒத்திசைத்தவுடன் மறுபுறத்திலும் நீங்கும். ஆகவே, கடந்த நாட்களின் நிலையையும் தனித்தனியே வைத்திருத்தல் வேண்டும். ஆர்சிங்க்கிலேயே ‘லிங்க்-டெஸ்ட்’ என்னும் விருப்பம் இதற்கு உதவும். ஒவ்வொரு நாளுக்கும் முழுமையான கோப்புறை ஒன்று தோன்றும். ஆனால் மாறாத கோப்புகள் முந்தைய நாளின் கோப்போடு இணைப்பாக மட்டும் நிற்குமாதலின், வட்டில் புதிதாக இடம் கொள்பவை மாறியவையே.

இனி, கட்டளையிடுமுன் கைக்கொள்ளத்தக்க மூன்றினைக் கூறுவேன். முதலாவது, ‘ட்ரை-ரன்’ என்னும் ஒத்திகை விருப்பம். இதனைச் சேர்த்தால் எதையும் மாற்றாமல், எவை பெயர்க்கப்படும், எவை நீக்கப்படும் என்று திரையில் காட்டச் செய்யலாம். இதனை யான் அன்று செய்திருப்பின், நீக்கப்படவிருந்த எம் கோப்புகளின் பெயர்களைக் கண்டு நின்றிருப்பேன். இரண்டாவது, மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இடுவதற்கும் இடாமைக்கும் உள்ள வேறுபாடு. இட்டால் உள்ளடக்கம் மட்டும் செல்லும்; இடாவிடின் கோப்புறையே சேரிடத்தினுள் ஒரு கோப்புறையாகச் சென்று அமரும். மூன்றாவது, இரு புறத்திலும் மாற்றம் செய்யும் வழக்கமிருப்பின் ஆர்சிங்க் அதற்கு ஏற்றதன்று என்பது. அஃது ஒருவழிப் பாதை. இருவழிக்கு, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ் என்பார் முன்னின்று உருவாக்கிய ‘யூனிசன்’ போன்றவை உண்டு. இருபுறமும் மாறியதைக் கண்டால் அது தானே முடிவு செய்யாமல் நம்மை வினவும்.

எம் தொகுப்பின் கதையையும் கூறி முடிப்பேன். மூவரும் தலைகுனிந்து அச்சிற்றூருக்கு மீண்டும் சென்றோம். முதியவர் சினந்திலர். “வலை கிழிஞ்சா மறுபடி முடியத்தான் வேணும், தம்பி” என்று சொல்லிவிட்டு, காற்றின் பெயர்களை மறுபடியும் கூறினார். பெயர்கள் யாவும் கிடைத்தன. ஆனால் கச்சான் வீசிய ஓரிரவில் தம் தந்தையாரோடு கரை சேர்ந்த செய்தியை முதல்முறை அவர் விரித்துரைத்தது போல் இரண்டாம் முறை உரைக்கவில்லை. யாமும் கேட்கத் துணியவில்லை. அந்தக் குரல் எந்தச் சர்வரிலும் இல்லை.

இப்பொழுது எம் தொகுப்பு மூன்று இடங்களில் உள்ளது. அவற்றுள் ஒன்று ஒத்திசைக்கப்படாமல், வாரந்தோறும் நாளிட்டு வைக்கப்படுகிறது. மாதமொருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து படித்தும் பார்க்கிறோம். இதனைப் படிக்கும் நண்பர்களும், தம் ஆராய்ச்சிக் கட்டுரையின் பிரதி எங்கோ பத்திரமாக உள்ளதென்று நம்பியிருப்பின், இன்றிரவே அப்பிரதியைத் திறந்து ஒரு பக்கமேனும் படித்துப் பார்ப்பார்களாக.